பால்வெட்டுக்காரரின் பன்னிரண்டாம் பக்கம்

குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்ட வருபவர் ஒல்லியான மனிதர். சட்டையெல்லாம் ரப்பர்க் கறை. காலையில் மரப்பட்டைகளில் வெட்டுப் போட்டு முடித்துவிட்டு, மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பால் நிறையும்வரை மரத்தடியில் உட்கார்ந்து கவிதை வாசிப்பார். புத்தகம் நான் கொடுத்தது.

இந்த வருடம் நிறையக் கவிதை வாசிப்பதென்று முடிவெடுத்திருந்தேன். தினமும் பத்து. வாசித்ததும் பக்கத்தில் ஒரு டிக். அப்படி முடித்த முதல் புத்தகத்தைத்தான் அவர் கேட்டு வாங்கினார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தார்.

“இன்னுமா இந்தப் பக்கம்?” என்றேன்.

“விளங்கல சார். அதான் தெனமும் வாசிக்கேன். மரத்துலயும் நேத்து வெட்டுன இடத்த ஒட்டித்தானே இன்னைக்கும் வெட்டுதோம்” என்றவர், புத்தகத்தை என்னிடம் நீட்டினார். “நீங்க டிக் போட்டிருக்கியளே. என்னன்னு ஒண்ணு சொல்லித் தாங்க.”

வாங்கி வாசித்தேன். அந்தக் கவிதையை அதற்குமுன் பார்த்த ஞாபகமே இல்லை.

“நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, வாளியுடன் பாலெடுக்கப் போனார். மறுநாளிலிருந்து, அவர் வேலை முடிந்து கிளம்பிய பிறகுதான் நான் தோட்டத்துக்குப் போகிறேன்.