ஒட்டியவர் ஏற வேண்டும்

போர் முடிந்து விடத்தல்தீவுக்கு ஆட்கள் திரும்பிவந்த வருடம் கரையில் ஓட்டையில்லாத படகு ஒன்றும் இருக்கவில்லை. துப்பாக்கிச் சன்னம் துளைத்தவை, வெயிலில் வெடித்தவை, யாரோ இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியாகப் பாவித்தவை. எமிலியானுஸ் பைபர் படகு ஒட்டுகிறவர். தங்களுக்குத் தகரக் கொட்டில் போடுவதற்கு முன்பே அவர் ஒட்டுப்பசையான றெசின் பேணியைத் திறந்துவிட்டார். மனைவி எடித் தனியாகத்தான் தகரம் இழுத்தாள்.

ஒட்டிய படகு முதன்முறை கடலுக்குப் போகும்போது ஒட்டியவரும் ஏற வேண்டும். அந்தக் கரையின் வழக்கம் அது. ஒட்டு விட்டுப்போனால் அவரும் நனையட்டும் என்பதுதான் கணக்கு. எமிலியானுஸுக்கு நீச்சல் தெரியும். ஆனால் படகில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும். எடித் குமட்டலுக்கு மணந்து பார்க்கத் தேசிக்காய் வெட்டிச் சேட்டுப் பையில் வைத்து அனுப்புவாள். முகம் வெளிறித் திரும்பிவந்து, "பொன் மாதிரி நிக்குது" என்பார். முதல்நாள் நின்ற ஒட்டு பிறகு விட்டதாக ஒருவரும் வந்து சொன்னதில்லை.

அதனால் எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். கால் உடைந்த கதிரை, வாளி, கோயிலில் இருந்த அந்தோனியார் சிலையின் கை. இலுப்பைக்கடவைச் சுபாஸ்கரன் ஆட்களை ஏற்றி ஓடும் தன் வானையே கொண்டுவந்தான். எஞ்சினைக் குளிர்விக்கும் றேடியேற்றரின் மேல்தொட்டி பிளாஸ்ரிக். அதில் தலைமயிர் அளவு வெடிப்பு.

"கொழும்பிலை சொல்லிவிட்டால் புதுசு வரும் அண்ணை. அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சால் காணும்."

எமிலியானுஸ் வெடிப்பை உரஞ்சி, நார்ப்பாய் வெட்டி, மூன்று பூச்சுப் பூசினார். அந்த வானுக்கு எஞ்சினும் றேடியேற்றரும் முன்சீற்றுக்குக் கீழே. முதல் ஓட்டத்தில் அந்தச் சீற்றில் அவரே ஏறி இருந்து மன்னார் போய்வந்தார். தேசிக்காய் தேவைப்படவில்லை. "பொன் மாதிரி நிக்குது." அதோடு சுபாஸ்கரன் கொழும்பை மறந்துபோனான். எமிலியானுஸும் மறந்துபோனார்.

எடித்துக்குப் பிள்ளைகள் இல்லை. மன்னாரில் இருக்கும் தங்கை அன்ரோனெற் தன் முதல் பிள்ளைக்கு அவளை ஞானத்தாயாக இருக்கச் சொன்னாள். ஞானஸ்நானம் வரும்வரை எடித் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டே திரிந்தாள். பிள்ளையை ஏந்திப் பழகத் தலையணையைக் கூடத் தூக்கிப் பார்த்தாள்.

ஞானஸ்நானத்துக்கு மன்னார் புறப்பட்ட அன்று, ஞானத்தாய் என்பதால் சுபாஸ்கரன் அவளை முன்சீற்றில் இருத்தினான். பின்னால் சொந்தக்காரர்களோடு எமிலியானுஸ். அன்ரோனெற் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிறது என்று பையில் றெசினும் எடுத்து வந்திருந்தார்.

பாப்பாமோட்டை தாண்டியதும் எடித் மூக்கைச் சுருக்கினாள்.

"இஞ்சருங்கோ, றெசின் மணக்குது."

"அது என்ரை சேட்டிலை."

"உங்கடை சேட்டு நான் தோய்ச்சது."

பின்னால் சிரித்தார்கள். சுபாஸ்கரன் எஞ்சின் சூடு காட்டும் ஊசியைப் பார்த்தான். "கொஞ்சம் ஏறுது அக்கா. வெயில்தானே."

எடித்துக்கு அந்த மணம் தெரியும். சூடேறிய றெசின் அது. செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் சுட்டது. காலைத் தூக்கி மடித்துக்கொண்டாள். அதைப் பின்னால் இருந்து எமிலியானுஸ் கண்டுவிட்டார்.

"எடித், நீ பின்னுக்கு வா. நான் அதிலை இருக்கிறன்."

"ஏன்?"

"சும்மா."

"பொன் மாதிரி நிக்குதெண்டீங்கள். பொன்னுக்கு மேலை நான் இருக்கக்கூடாதோ?"

மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"சுபாஸ், நிப்பாட்டு."

"இன்னும் கொஞ்சத் தூரம்தானே அண்ணை—"

"நிப்பாட்டடா!"

அவர் ஒருவரைப் பார்த்துக் கத்தி எடித் கேட்டதேயில்லை.

எல்லாரும் இறங்கித் தார்மேலேயே நின்றார்கள். ஒரு மரநிழல் இருந்தது. அதற்கு முன்னால் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையும் இருந்தது. சுபாஸ்கரன் சீற்றைத் தூக்கி, துணி சுற்றிய கையை றேடியேற்றர் மூடிக்குக் கொண்டுபோனான். எமிலியானுஸ் அவனைக் கொலரில் பிடித்து இழுத்தார். இருவரும் றோட்டில் விழுந்தபோது உள்ளே ஏதோ வெடித்தது. கொதிதண்ணீர் வானின் கூரையில் அடித்து, எடித் இருந்த இடமெல்லாம் வழிந்தது.

ஒட்டு முழுதாகக் கழன்று வெளியே வந்து கிடந்தது, சிப்பி ஓடு போல. ஆறியதும் எமிலியானுஸ் எடுத்துத் திருப்பினார். உட்பக்கம் வழவழவென்று மினுங்கியது. அது ஒட்டவேயில்லை. ஒவ்வொரு நாளும் தொட்டி சூட்டில் வீங்கிக் குளிரில் சுருங்கியிருக்கிறது. ஒட்டு மேலே வெறுமனே குந்தியிருந்திருக்கிறது.

"கடல் கொதிக்கிறேல்லையே" என்றார், தனக்குள் சொல்வது போல.

சுபாஸ்கரன் முழங்கையில் மண்ணைத் தட்டினான். "அண்ணை, பையிலை றெசின் கிடக்குத்தானே. இந்த வெயிலுக்கு அரை மணித்தியாலத்திலை இறுகும். மெள்ள மெள்ளப் போவம். ஞானஸ்நானம் குடுக்கிற சாமி பத்தரைக்குப் பிறகு நிக்கமாட்டாராம்."

மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். எடித் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு வாகனமும் இல்லை.

"ஒட்டுங்கோவன்" என்றாள்.

எமிலியானுஸ் அவள் கால்களைப் பார்த்தார். பேணியைத் திறந்தார். இறுகவைக்கும் மருந்தைத் துளித்துளியாக எண்ணி விடுகிறவர், போத்தலைக் கவிழ்த்து முழுவதையும் ஊற்றினார். தடி தேடவில்லை, கையாலேயே கலக்கினார். பிறகு பேணியை நடுறோட்டில் வைத்துவிட்டு விலகி நின்றார். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து புகை வந்தது. பேணியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது.

"இனி ஒருத்தரும் ஒட்டச்சொல்லி என்னைக் கேக்கேலாது" என்றார். "நானும் என்னைக் கேக்கேலாது."

எடித் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுத்திட்டத் தகரம் ஏற்றிவந்த உழவியந்திரம் ஒன்று கடைசியில் நின்றது. எல்லாரும் ஏறினார்கள். தகரத்தின் மேல் சேலையை இறுக்கிப் பிடித்தபடி மன்னார்வரை அவள் றோட்டையே பார்த்துக்கொண்டு போனாள்.

கோயிலில் எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி எடித்துக்குப் பதிலாகப் பிள்ளையை ஏந்தியிருக்கிறாள்.

"சாமி உன்ரை பேரைத்தான் எழுதினவர் அக்கா" என்றாள் அன்ரோனெற். "ஞானத்தாய் நீதான். பிடி."

பிள்ளை தலையணையைவிடப் பாரமாக, சூடாக இருந்தது. நெற்றியில் தண்ணீர் இன்னும் காயவில்லை. எடித் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். வாசலுக்கு வெளியே, தான் உள்ளே வரலாமா என்று தெரியாமல் எமிலியானுஸ் நின்றார்.

"ஏன் அங்கை நிக்கிறியள்?" என்றாள் எடித். "மண்ணெண்ணெய் வாங்கி, றெசின் போகக் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. பிள்ளையைத் தூக்கவேண்டாமோ?"