எங்கட ஆள் போன சனிக்கிழமை

எனக்கு இரண்டு ஆட்கள். ஒருவர் என் கணவர். மற்றவர் பேஸ்போல் விளையாடுபவர். இருவரையும் நான் "எங்கட ஆள்" என்றுதான் சொல்வேன். கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. மற்றவருடைய பெயரோ என் வாய்க்குள் நுழையாது.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்கிற இந்த ஊருக்கு வீடு மாறி வந்த கோடையில் ஒருநாள் ரீவியைப் போட்டால், இந்த மனிதர் மட்டையோடு நின்று தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்தார். பந்தைத் தவறவிட்டாலும் ஏச்சு, அடித்தாலும் ஏச்சு. சமையலறையில் நானும் அப்படித்தான். அன்றைக்கே விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு வருடா வருடம் வரும், அவருடைய படம் போட்ட பேஸ்போல் அட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். அல்பத்தின் ஒவ்வொரு பிளாஸ்ரிக் பொக்கற்றிலும் ஒவ்வொரு வருடத்து ஆள். முதலாவது பொக்கற் மட்டும் காலி. அவர் விளையாட வந்த முதல் வருடத்து அட்டை என்னிடம் இல்லை. அதைச் சொல்லி நான் வீட்டில் புலம்பாத நாளில்லை.

என் கணவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. லமினேற் பண்ணுவது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருடைய அகதிக் கடதாசி மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துபோக, அதற்காக அவர் ஏறி இறங்கிய கந்தோர்கள் கொஞ்சநஞ்சமல்ல. கையில் காசு சேர்ந்ததும் ஒரு மெஷின் வாங்கி பேஸ்மென்ற்றில் வைத்துக்கொண்டார். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, முருகன் படம், மகள் முதன்முதல் கீறிய பூனைப் படம், எல்லாம் பிளாஸ்ரிக்குக்குள் போய்விட்டன. பேஸ்போல் அட்டையை அப்படி ஒட்டினால் அட்டை செத்தது என்று அர்த்தம். சேர்ப்பவர்கள் ஒருவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். இதைச் சொன்னால் மனிதர் வாதாடுவார் என்பதால், சொல்லாமலே அல்பத்தை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் விடியவே துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் தேத்தண்ணியோடு போனைத் திறந்தால், என்னுடைய மற்ற ஆள் இனி விளையாடமாட்டாராம். ஓய்வு பெற்றுவிட்டாராம். இனி ஊரிலுள்ளவன் எல்லாம் அந்த முதல் வருட அட்டைக்குப் பாய்வானே! ரொக்ஸ்பரோ ஸ்ரேஷனுக்குப் பக்கத்துக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று இருந்தது. பேந்து வாங்குவம், பேந்து வாங்குவம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தவள் நான். காரோ கணவரிடம். உடனே அவருடைய அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, வாட்சப்பில் அழுகைக் குரலில் ஒரு செய்தி அனுப்பினேன்.

"மச்சாள், எங்கட ஆள் போயிட்டார். விடியத்தான் தெரியும். எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. காரையும் எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ. இனி வேற ஒரு ஆளைத்தான் பிடிக்கவேணும்."

மச்சாள் வந்தார். தலைவிரி கோலமாக, "ஐயோ என்ர தம்பி!" என்று கத்திக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து கார்களில் சனம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் சட்டிகளோடு இறங்கின.

"என்ன மச்சாள் இது? இவர் ஹாபரில நிக்கிறார்!"

"ஐயோ, ஹாபரிலையோ நடந்தது!"

கணவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வேலையில் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். சனம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"பாவம், செத்த மனுசனுக்குப் போன் எடுக்கிறா" என்றது ஒரு குரல்.

மச்சாள் என் காதருகே குனிந்தார். "எல்லாம் சரி, வேற ஆளைப் பிடிக்கிற கதையை இண்டைக்கே கதைக்கவேணுமோ?"

"ஐயோ, நான் சொன்னது பேஸ்போல்காரனை!"

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். பிடிக்கப்போகிற ஆள் பேஸ்போல்காரனாம் என்ற கதை ஒரு நிமிடத்துக்குள் வாசல்வரை போய்விட்டது.

எனக்கு அட்டைதான் கண்ணுக்குள் நின்றது. மச்சாளின் காரை மற்றக் கார்கள் மறித்து நின்றன. மத்தியானம் திரும்பிய பிறகு, கடைசியில் ஒருவாறு அலுமாரிப் பக்கம் ஒதுங்கி நின்று கடைக்குப் போன் எடுத்தேன். "டெசோலே, மடாம்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார் கடைக்காரர். அதை விற்றாகிவிட்டதாம். யாரோ ஒரு மெசியே வந்து வாங்கிப் போய்விட்டாராம்.

நான் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து ஓவென்று அழுதேன். சனத்துக்கு அப்போதுதான் நிம்மதி. "அழட்டும், அழட்டும். அழுதாத்தான் மனம் ஆறும்" என்று யாரோ என் முதுகைத் தடவினார்கள்.

அந்த நேரம் பார்த்து பேஸ்மென்ற்றிலிருந்து கிர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு சூடான பிளாஸ்ரிக் மணம். பிறகு படியில் கனத்த சப்பாத்துச் சத்தம். கதவு திறந்தது. வேலை உடுப்போடு என் கணவர் நின்றார்.

மச்சாள் போட்ட சத்தம் ரொக்ஸ்பரோவுக்குக் கேட்டிருக்கும். "எட அறுந்துபோவானே, நீ சாகேல்லையோ!" என்று அகப்பையால் தம்பிக்கு ஒன்று போட்டுவிட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் ஏன் சாகிறன்? ஏதோ பொம்பிளையளின்ர கூட்டம் எண்டு நினைச்சுக் கராஜ் பக்கத்தாலை வந்தனான்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இஞ்சாரும், உம்மட ஆள் விளையாட்டை விடுறாராம் எண்டு ரேடியோவில சொன்னவங்கள். இண்டைக்கு அரைநாள் வேலைதானே, முடிஞ்ச கையோட ரொக்ஸ்பரோவுக்கு ஓடினனான். இந்தாரும். பாத்துப் பிடியும், இன்னும் சூடு."

முதல் வருட அட்டை. இளம்பிள்ளை முகத்தோடு என் ஆள். சுற்றிவர இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளவென்று பிளாஸ்ரிக்.

"இனித் தண்ணிக்கை போட்டாலும் ஒண்டும் ஆகாது" என்றார் பெருமையாக.

வாயைத் திறந்தேன். நல்ல ஏச்சாக ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் மனிதர் நின்ற நிலையைப் பார்த்தால், கல்யாணப் பதிவை ஒட்டி எடுத்துக்கொண்டு வந்த நாளில் நின்ற அதே நிலை. நான் மறுபடியும் அழுதேன்.

மச்சாள் குழம்பிப்போனார். "இப்ப ஆர் செத்தது?"

"முதலாம் வருசத்து ஆள்" என்றேன்.

எல்லோருமாக இருந்து சாப்பிட்டோம். தன் செத்த வீட்டுச் சோற்றை என் கணவர் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டு, குழம்பு திறம் என்றார்.

அந்த அட்டை அல்பத்தின் பொக்கற்றுக்குள் போகாது. அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். நேற்று ரசம் கொதித்து அதன்மேல் தெறித்தது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை.