மருதையனின் இருபத்தொரு நாள்

மருதையன் அண்ணன் எடை போடுகிற அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டுக்குட்டியைச் சாக்குத் தொட்டிலில் இட்டுத் தராசில் மாட்டுவார். அது உதறும். "இருடா ராசா, அவ்ளோதான்" என்று காதைத் தடவிக் கொடுப்பார். முள் ஆடாமல் நின்ற பிறகுதான் நோட்டில் எழுதுவார். தினமும் காலைத் தீனிக்கு முன்னால் நாற்பது குட்டிகள். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் ஏழு வருடமாகத் தினக்கூலி. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் ஓய்ந்துபோனவர்கள். வருகிற தையில் வேலை நிரந்தரமாகும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே மனுஷன் முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

அவர் எழுதிய எடைகளை வைத்துத் தீவன ஆராய்ச்சி செய்தவள் நான், இசைவாணி. எண்கள் குவிந்து கிடந்தன, அவற்றை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. மார்கழியில் தஞ்சாவூரில் பத்து நாள் பயிற்சிக்குப் போனேன். கம்ப்யூட்டரில் புள்ளியியல். மூன்று நாள் ஒரு மண்ணும் புரியவில்லை. நாலாம் நாள் நான் எழுதிய கட்டளைக்குத் திரையில் குட்டிகளின் எடை வரைபடமாக விழுந்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உயிருள்ள குட்டியின் எடை ஒரு நாள் ஏறும், கழிச்சல் கண்டால் இறங்கும். கோடு கோணல்மாணலாகத்தான் போகும். ஐப்பசியில் மட்டும் இருபத்தொரு நாள், நாற்பது கோடுகளும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக ஏறின. எல்லாக் குட்டிக்கும் தினம் நூறு கிராம். நிறுக்காமல் குத்துமதிப்பாக எழுதியது!

கடைசி நாள் அவரவர் ஆய்வைக் காட்ட வேண்டும். நான் பெரிய இவளாட்டம் அந்தப் படத்தைப் போட்டு, "இது பொய்யான தரவு" என்றேன். அதைப் பார்க்க வந்திருந்த எங்கள் பண்ணை மேலாளர் முன்வரிசையில் இருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மேலாளர் மருதையனைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றுவிட்டார். தை மாத வேலையும் போயிற்று. தூக்குவாளியை எடுக்கக் கொட்டகைக்கு வந்தார். அங்கே நான் நின்றிருந்தேன்.

"ஏண்ணே அப்படி எழுதுனீங்க?"

"பொன்னுத்தாயி ஆஸ்பத்திரியில கெடந்தாளேம்மா. சேந்தாப்ல மூணு நாள் வரலன்னா பேரை எடுத்துருவாங்க. வந்து தீனியப் போட்டுட்டு ஏழரை பஸ்ஸுக்கு ஓடுவேன். நாப்பது குட்டியையும் நிறுக்க எங்கம்மா நேரம்?"

பொன்னுத்தாய் அவர் மனைவி. இருபத்திரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போய் மாலை போட்டவள்தான் நான். தேதி எனக்குத் தெரியும். அடிப்பாவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்களைப் பார்த்தவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை.

"நான் மேலாளர்ட்ட பேசுறேண்ணே" என்று அழுதேன்.

"வேணாம்மா. எழுதுனது தப்புதான், நான் இல்லங்கல." வாளியைக் கையில் மாட்டிக்கொண்டார். "அத்தனை பேர் முன்னாடி காட்டுறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நானே அந்த இருபத்தோரு நாளையும் நோட்டுல கோடு போட்டு அடிச்சுக் குடுத்திருப்பேனே."