கொய்யா மரத்தில் தொங்கிய துளசி

அப்பாவுக்குப் பக்தி வந்தது பழ ஈக்களால்தான். அம்மாவின் பக்கத்து உறவினர்கள் இன்றுவரை அதைப் பெருமாளின் கருணை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை.

அப்பா பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். ஜெஞ்சாரோமுக்கு அப்பால், மரங்கள் ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்த ஒரு கொய்யாத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். இத்தனை ரயில்களைச் சமாளித்தவனுக்கு அசையாமல் நிற்கும் மரங்களைச் சமாளிக்க முடியாதா என்பது அவர் கட்சி. அம்மா அழுது பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார், கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஒரே ஒரு பெரிய அறுவடை. அது தேறினால் அங்கேயே இருப்போம். தேறாவிட்டால் அப்பா மறுபேச்சில்லாமல் எங்களை பிரிக்ஃபீல்ட்ஸுக்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். எப்படியும் திரும்பத்தான் போகிறோம் என்று என் பள்ளிக்கூடத்தைக்கூட மாற்றவில்லை. வார நாள்களில் அங்கேயே பெரியம்மா வீட்டில் இருந்து படித்தேன். சனி ஞாயிறுகளில் பஸ்ஸில் கிள்ளான் வரை வந்தால், அங்கிருந்து அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்.

அம்மா தோட்டத்துக்குள் காலடி வைக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாம்பு, அட்டை, சேறு என்று காரணங்கள் வைத்திருந்தார். உண்மையான காரணம் கோபம். வீட்டோடு இருந்துகொண்டு பழைய செய்தித்தாளில் உறை ஒட்டிக் கொடுப்பார். கொய்யாப் பிஞ்சுகளுக்கு அந்த உறையை மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழ ஈ வந்து தோலைக் குத்தி முட்டையிட்டுவிடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் துள்ளும்.

அந்த வருடத்தின் நடுவில் வெயில் வாட்டியெடுத்தது. ஈக்கள் பெருகிவிட்டன. அப்பா விழுந்த பழங்களையெல்லாம் பொறுக்கி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். உறை மாட்டினார், மருந்தடித்தார். உறை மாட்டுவதற்குள் ஈ முந்திக்கொண்டது. பழம் வாங்க வரும் சீன வியாபாரி, தவுக்கே என்று கூப்பிடுவோம், கூடையிலிருந்து கைக்கு வந்த பழத்தை எடுத்து, பேனாக்கத்தியால் பிளந்து பார்ப்பார். ஒருநாள் அவர் பிளந்த பழத்தில் புழு நெளிந்தது. "சத்து உலாட் லாகி, சாயா தா மாவு லா!" என்று கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இன்னும் ஒரு புழு கண்ணில் பட்டால் பெரிய அறுவடைக்கு அவர் லோரி வராது. அன்று சமையலறையில் அம்மா கொஞ்சம் உற்சாகமாக இருந்ததாக எனக்கு ஞாபகம். நானும்தான். பெரியம்மா வீட்டுத் தெருவில் எனக்குத் தோழிகள் இருந்தார்கள், தோட்டத்தில் கொசு மட்டும்தான் இருந்தது.

இதற்கிடையில் அம்மா பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தொட்டியில் கொண்டுவந்த ஒரே துளசி, விதை உதிர்ந்து உதிர்ந்து வீட்டைச் சுற்றிப் புதராக மண்டியிருந்தது. காலை வேளைகளில் அதன்மேல் ஈக்கள் அப்பிக்கொண்டு கிடக்கும்.

"வாயில்லா ஜீவன்கூட வந்து கும்பிடுது. நீங்கதான் வர மாட்டேங்கறீங்க" என்பார் அம்மா அப்பாவிடம்.

ஒரு சனிக்கிழமை விவசாய இலாகாவிலிருந்து ஓர் இளம் மலாய் அதிகாரி வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் துளசியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவுக்கு அவர்மேல் தனி மரியாதை பிறந்துவிட்டது, தேநீர் கலக்க உள்ளே போனார். அந்த இடைவெளியில் அதிகாரி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். செடியில் இருப்பதெல்லாம் ஆண் ஈக்கள். இந்த வாசனைக்கு மயங்கி வருகின்றன. இலையை நசுக்கிப் பாட்டிலில் போட்டு, கொஞ்சம் பூச்சிமருந்து கலந்து மரத்தில் தொங்கவிட்டால் உள்ளே போய்ச் செத்துவிடும். ஆண் இல்லாவிட்டால் முட்டை பொரிக்காது.

அப்பாவின் முகத்தில் சந்தோஷமும் பீதியும் சேர்ந்தே வந்தன. துளசியில் விஷம் கலப்பது தெரிந்தால் அம்மா அறுவடை வரையெல்லாம் காத்திருக்க மாட்டார். அன்றைக்கே கிளம்பிவிடுவார். தேநீர் வந்ததும் அப்பா சொன்னார்: "நாளையிலேர்ந்து பூசைக்குத் துளசி நானே பறிச்சுத் தர்றேன்." அம்மா அவர் தேநீரில் இரண்டாவது முறையாகச் சர்க்கரை போட்டார்.

குளிக்காமல் துளசியைத் தொடக்கூடாது. ஆகவே அப்பா விடியும்போதே பல் கிடுகிடுக்கக் குளித்து, நெற்றியில் நாமம் இழுத்துக்கொண்டு பறிக்கக் கிளம்பினார். ஒரு கைப்பிடி பூசைக்கு, மற்றதெல்லாம் துண்டில் முடிந்து கொட்டகைக்கு. வெள்ளிக்கிழமை பறிக்கக்கூடாது என்று அம்மா சொன்னதால் வெள்ளிக்கிழமைகளில் ஈக்களுக்கு விடுமுறை. நான் இருக்கும் நாள்களில் இலை நசுக்குவது என் வேலை. மருந்தை மட்டும் தொட விடமாட்டார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் தலைமேல் என் கையையே வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அறுவடை கெட்டால்தான் எனக்கு நல்லது என்பது தெரிந்தும் மும்முரமாக நசுக்கினேன். ஒரு பெரிய மனிதர் தன் ரகசியத்தில் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

அம்மாவோ ஆளே மாறிப்போனார். சமைக்கும்போது பாடினார். எங்களைப் பார்க்க வந்த பெரியம்மாவிடம் "இவரு இப்படித் திருந்துவாருன்னு நான் நெனச்சே பாக்கலக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மகிழ்ச்சி முற்றித்தான், ஆகஸ்டு விடுமுறையில், அறுவடைக்கு முந்தின நாள், மரங்களுக்குச் சூடம் காட்டி மஞ்சள் தண்ணீர் தெளிக்கப் போகிறேன் என்று தாம்பாளத்தோடு புறப்பட்டார். அப்பா கூடை வாங்க டவுனுக்குப் போயிருந்தார். தடுக்கலாமா என்று முதலில் பதறினேன். அப்புறம், நான்தான் சொல்லவில்லையே, அவராகப் பார்த்தால் சத்தியம் எப்படி உடையும் என்று தோன்றியது. பின்னாலேயே நடந்தேன்.

முதல் வரிசை தாண்டியதும் ஒரு பாட்டில் முடிச்சு அவிழ்ந்து கீழே கிடந்தது. அம்மா குனிந்து எடுத்தார். உள்ளே கறுத்துப்போன துளசி, அதன்மேல் செத்த ஈக்கள். மூக்கருகே கொண்டுபோனார். நிமிர்ந்து பார்த்தார். வரிசை நெடுகிலும் பாட்டில்கள் தொங்கின. நான் மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மருந்து நெடி என்று நினைத்தேன். பிறகு பக்கத்துக் கிளையில் ஒரு உறையைப் பிரித்துப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. உறையை மூடினார். பாட்டிலைக் கிளையில் வைத்து, அவிழ்ந்த கயிற்றை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டி, இழுத்துப் பார்த்தார்.

"ஒரு முடிச்சு ஒழுங்கா போடத் தெரியல இந்த மனுசனுக்கு."

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமாம்மா?"

"நான் இங்க வரவே இல்ல. அப்பாகிட்ட எதுவும் சொல்லாத" என்றார். மரங்களுக்குக் கொண்டுவந்த மஞ்சள் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார். சூடம் ஏற்றவில்லை.

மறுநாள் தவுக்கே பிளந்துகொண்டே போனார். கத்திக்குத்தான் சலிப்பு வந்தது, புழு வரவில்லை. லோரி நிறைந்து புறப்பட்டதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"என்னங்க, இங்க பக்கத்துலயே தமிழ்ப்பள்ளி இருக்காமே. அடுத்த வருசம் பிள்ளைய அங்கயே போட்டுடலாம்."

அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை, வேகமாகச் சாப்பிட்டார். எனக்கு அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கைக்குக் கிடைத்த பாட்டிலைத் தூக்கி அப்பாவின் முன்னால் வைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்திருப்போம். ஏன் கேட்கவில்லை என்று அன்று முழுவதும் யோசித்தேன். ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று பட்டது. பாவம், அம்மாவுக்கு அந்தப் பாட்டிலைப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.