சங்கரேஸ்வரியின் நூற்றெட்டுச் சுற்று

என் வீட்டுக்காரி சங்கரேஸ்வரி விசைத்தறிக் கூடத்தில் நாலு தறி பார்க்கிறவள். நாற்பத்தாறு வயது, மூன்று பிள்ளை பெற்றவள். அதே கூடத்தில் தறி பழுது பார்க்கிறவன் நான். ஒரே கூரைக்குக் கீழே வேலை, ஒரே வீட்டில் சாப்பாடு. இருந்தும் அவள் உடம்பில் நாலு வருஷமாக இருந்த சங்கதி எனக்குத் தெரியவில்லை. இருமினால், தும்மினால், நூல் பெட்டியைத் தூக்கினால் அவளுக்கு மூத்திரம் கசியும்.

பழைய சேலையைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொள்வாள். ஈரம் தெரியாத நிறமாகப் பார்த்துக் கட்டுவாள். வேலை நேரத்தில் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். கேட்டால் தாகமில்லை என்பாள். நானும் நம்பினேன்.

எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் ஜனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிச்சுற்று என்போம். கல்யாணமாகி வந்ததிலிருந்து சங்கரேஸ்வரிக்கு வருஷம் தவறாமல் நூற்றெட்டு. போன வருஷம் பாதியிலேயே திரும்பி வந்து முழங்கால் வலி என்றாள். அதற்குப் பிறகு கோயில் பக்கமே போகவில்லை. சோம்பல் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிரகாரத்தில் இருமல் வந்து சேலை நனைந்துபோனதும், அம்மன் இருக்கிற இடத்தில் இப்படி ஆகிவிட்டதே, இனி எந்த முகத்தோடு உள்ளே போவது என்று அவள் மருகிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது.

மாசி மாதம் தறிக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் என்னை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரம்மா விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. தண்ணீர் குடிக்காமல் இருந்ததில் மூத்திரத்தில் கிருமி வேறு. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடமும் சொன்னாள். நாலு வருஷமாகவா என்று கேட்டேன்.

"ஆடிக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. இந்த வருசம் நூத்தியெட்டும் சுத்தாம விட மாட்டேன்," என்றாள்.

டாக்டரம்மா அனுப்பிவைத்த பிசியோதெரபிஸ்ட் ரூபியா, புளியங்குடிக்காரப் பிள்ளை. மூத்திரப்பையைக் கீழேயிருந்து தாங்குகிற தசை பிரசவத்தில் தளர்ந்துபோகும், கை கால் தசையைப்போல அதையும் பழக்கி எடுக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினாள். மூத்திரத்தையும் காற்றையும் அடக்குகிற மாதிரி அந்த இடத்தை மட்டும் உள்ளுக்கு இழுத்து மேலே தூக்க வேண்டும். அஞ்சு எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதமாவது செய்தால்தான் பலன் தெரியும்.

சங்கரேஸ்வரி விடாமல் செய்தாள். ஆறு வாரம் ஆகியும் கசிவு குறையவில்லை, அடிவயிற்றில் வலிதான் மிச்சம். மறுபடி போனபோது ரூபியா அவள் வயிற்றில் கை வைத்துச் செய்யச் சொன்னாள்.

"அக்கா, இது என்ன வேகம்?"

"தறி வேகம்மா. அது அடிக்க அடிக்க நானும் இறுக்குதேன்."

ரூபியா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தறிய நிப்பாட்டாம ஓட்டலாம்க்கா. தசைய விடணும். விடுததும் பயிற்சிதான்," என்றாளாம்.

தறி நிமிஷத்துக்கு நூறுக்கு மேல் அடிக்கும். நாளெல்லாம் அதோடு நிற்கிறவளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணினாலும் அந்த வேகம்தான் வந்தது. மூச்சையும் பிடித்து வயிற்றையும் இறுக்கியிருக்கிறாள். அது மூத்திரப்பையைக் கீழே அமுக்கத்தான் செய்யும். ஏதாவது நீளமான பேரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பேசும்போது மூச்சைப் பிடிக்க முடியாது என்று ரூபியா யோசனை சொன்னாள். இந்தக் காரியத்துக்குச் சாமி பேர் வேண்டாம் என்று சங்கரேஸ்வரி ஊர்ப்பேரைப் பிடித்துக்கொண்டாள். கரிவலம்வந்தநல்லூர், வாசுதேவநல்லூர் என்று இழுத்துச் சொல்லும்வரை பிடி. மறுபடி அதே இரண்டையும் சொல்லும்வரை விடு.

விடிந்ததும் பாயில் படுத்தபடி ஒரு தடவை, மத்தியானம் கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து ஒரு தடவை, படுக்கப்போகும்போது ஒரு தடவை. பக்கத்துத் தறி கோமதித்தாய் இந்த முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடப் போறியா?" என்று கேலி பண்ணினாள். சங்கரேஸ்வரி மறைக்கவில்லை. இன்னதற்கு என்று சொல்லிவிட்டாள். கோமதித்தாயின் சிரிப்பு நின்றது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கரிவலம்வந்தநல்லூர் என்றாள். கூடத்துக் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்தது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. முதலாளியிடம் கேட்கவில்லை. நானே வாங்கி மாட்டினேன்.

வைகாசி பிறந்தபோது நூல் பெட்டியைத் தூக்கும் முன் ஒரு கணம் நின்று, உள்ளே இறுக்கிவிட்டுத் தூக்கினாள். தும்மல் வருவது தெரிந்தாலும் அப்படித்தான். துணி நனையாத நாட்கள் வர ஆரம்பித்தன. பயப்படாமல் தண்ணீரும் குடித்தாள்.

கொடி ஏறியது. ஒரு நாளைக்கு முப்பத்தாறு சுற்றாக மூன்று நாளில் முடிப்பதாகத் திட்டம். முதல் நாள் குறையில்லாமல் போயிற்று. இரண்டாம் நாள் இருபதாவது சுற்று முடியும்போது சாம்பிராணிப் புகை தொண்டையில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. சுதாரிப்பதற்குள் நாலைந்து இருமல். மாற்றுத்துணிப் பையை வைத்துக்கொண்டு நான் நின்றிருந்த தூணுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கொஞ்சம் ஆயிட்டு," என்றாள்.

வீட்டுக்குப் போவோமா என்றேன். பையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கால் மணி நேரத்தில் துணி மாற்றி, கால் கழுவி வந்து நின்றாள்.

"போன வருசம் எரநூறு சொட்டுன்னா இன்னைக்கு ரெண்டு. இது உடம்பு, குத்தமில்ல. அம்மனும் பொம்பளதான, அவளுக்குத் தெரியாதா? இன்னும் பதினாறு இருக்கு, நடக்கேன்."

நடந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நூற்றெட்டாவது சுற்று முடிந்தது. நெற்றி, கழுத்தெல்லாம் வேர்வை. கட்டியிருந்தது வெளிர்மஞ்சள் சேலை. அதில் ஒரு பொட்டு ஈரமில்லை. இனி பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டதற்கு, நிறுத்தினால் பழையபடி தளர்ந்துபோகும் என்று ரூபியா சொல்லியிருப்பதாகச் சொல்லிக்கொண்டே அம்மன் சன்னதிப் பக்கம் திரும்பினாள். வரிசை வெளிவாசல்வரை வளைந்து கிடந்தது.

"ஏட்டி, ரெண்டு மணி நேரம் இழுக்கும் போல," என்றேன்.

"இழுக்கட்டும். நிக்கேன்," என்று போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள்.