அத்தை கொடுத்த எச்சில்

அந்தச் சின்னக் குழாயில் இருந்தது எச்சில் என்றால் நம்ப முடியாது. செக்கச்செவேலென்று வெற்றிலைச் சாறு. டொக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாயைக் கொப்புளிச்சிட்டு வரச் சொன்னேனே" என்றார். பெரியவர்கள் முன்னால் துப்பக் கூடாதென்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பியதால் யாரும் கவனிக்கவில்லை. தோட்டத்துச் சனங்களுக்குச் சொன்னால் விளங்காது என்று டொக்டரம்மா நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். அவருடைய மகனுக்குக் கால்கள் வரவரத் தளர்ந்து, பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நடை நின்றுபோனது. காரணம் தேடி அவன் மரபணுக்களை எழுத்தெழுத்தாக வாசித்ததில், ஓரிடத்தில் பிழை தெரிந்தது. அது தாயிடமிருந்து வந்ததா, அவனிடமே புதிதாக உண்டானதா என்று பார்க்கத்தான் அத்தையின் எச்சில் வேண்டியிருந்தது.

என் பிழைப்பு கல்லோடு. அவிசாவளைக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கும் பழைய சிவன் கோயிலின் சிற்பங்களை அளந்து வரைந்துகொண்டிருந்தேன். புதுக் குழாயைக் கொடுக்கும் முன் அத்தையை அங்கே கூட்டிப்போய், அடித்தளத்தில் ஓடும் அன்ன வரிசையைக் காட்டினேன். எல்லாம் ஒரே அச்சு. ஒன்றுக்கு மட்டும் கழுத்துக் கோணல்.

"இந்த மாதிரிதான் அத்தே, ஒரு எழுத்துப் பெசகிருச்சு."

அந்தக் கழுத்தை அத்தை விரலால் தடவினார். "செதுக்குனவன் கை தப்பா, கல்லு தப்பா?"

"தெரியலிங்க அத்தே."

"ஒனக்குத் தெரியாது தம்பி. ஒங்க மாமா வீட்டு ஆளுங்களுக்குத் தெரியும். என்கிட்ட இருந்து வந்துச்சுன்னு காகிதத்துல போட்டுட்டா, நிவித்திகல சம்பந்தம் நிக்குமா?"

நிவித்திகலத் தேயிலைத் தோட்டத்தில் மகளுக்குப் பேசி முடித்திருந்த நேரம் அது. வெற்றிலையை வேண்டுமென்றே மென்று துப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியதும் என் கையிலிருந்த குழாயை அந்த மகள்தான் பிடுங்கினாள். "நீ துப்பாட்டிப் போம்மா. நான் துப்புறேன். நாளைக்கு எனக்கொரு பையன் பொறந்து இப்படி ஆனா, யாரு பதில் சொல்றது?"

அத்தை தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய், ஏந்தி ஏந்தி வாயைக் கொப்புளித்தார். இருவருமே கொடுத்தார்கள்.

பிழை அத்தையிடம் இருந்தது. மகளிடம் இல்லை. மகளிடம் இல்லை என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றார் மாமா. அத்தை கேட்கவில்லை. பரிசம் போட வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னார்: "சம்பந்தி, எங்க பையனோட கால் வருத்தம் என் ரத்தத்துல இருந்து வந்தது. இவகிட்ட இல்ல, பாத்தாச்சு. ஒங்களுக்கு மனசு இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க."

அந்த அம்மா தேத்தண்ணியை ஆறுதலாக, ஒவ்வொரு மிடறாகக் குடித்து முடித்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "எங்க லயத்துக்கு ஏறப் படி ஜாஸ்திங்க. கல்யாணத்துக்குப் பையனத் தூக்கிட்டு வர ஆளோட வாங்க" என்றார்.