செக்கிங்கம்மா வீட்டு என்ஜின்

இருபத்தாறு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவளிடம் போய், ஓய்வு பெற்றாச்சே, இனிமேலாவது மனிதர்களை நம்பு என்றால் நடக்கிற காரியமா? தெருவில் அவளுக்குச் செக்கிங்கம்மா என்றுதான் பெயர். மருந்துக் கடையில் மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் வலிய வந்து வணக்கம் சொன்னார் என்பதற்காக, தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கோளாறு செய்திருக்கிறார் என்று மொட்டைமாடிவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். தொட்டியில் ஒன்றும் இல்லை. அதனால் அவர்மேல் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. டிக்கெட் வாங்கியவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். வாங்காதவன்தான் பையைத் துழாவி, சட்டைப்பையைத் தட்டி, சீட்டுக்கு அடியில் குனிந்து பஸ்ஸையே இரண்டாக்குவான். அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக இருக்கிறவனிடம்தான் கோளாறு என்பது அவள் தொழில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

அவள் கணவர் தராசு ரிப்பேர் செய்கிறவர். கடைகடையாகப் போய் எடை காட்டும் இயந்திரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பார். வீட்டில் மட்டும், குடித்த டம்ளரைக்கூட எழுந்துபோய் வைக்கமாட்டார். அந்த மனிதர் ஒரு சனிக்கிழமை, ரப்பர் கையுறை, கண்ணை மறைக்கும் கண்ணாடி, பல் துலக்கும் பிரஷ்கள் நாலு, ஏதோ திரவம் நிரம்பிய கேன் என்று ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்து, "நாளைக்கு கார் என்ஜினைக் கழுவப் போறேன்" என்றார். செக்கிங்கம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

காரை அவளுடைய தம்பிக்குச் சும்மாவே கொடுப்பதாக ஏற்பாடு. தம்பி மனைவிக்குக் காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஊரின் மறுகோடியில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். "எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, அவனாவது ஓட்டட்டும்" என்று தராசுக்காரர் தாமாகவே சொன்னார். அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர் தம்பியின் தலையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்டினார். கண்ணாடிபோல் துடைத்துக் கொடுத்தார். மூன்றாவது வாரம் கொட்டும் மழையில் அது நின்றுபோனது. தம்பி வண்டியைத் தள்ள, மனைவி நனைந்துகொண்டே பின்னால் நடந்து வந்தாள். தம்பி ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. "மாமா குடுத்த வண்டியைத் தள்ளித்தான் என் தொப்பை கரைஞ்சுது" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பான், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கு உடம்பு கூசும்.

அவள் கையில் துப்பும் ஒன்று இருந்தது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு ராத்திரியும் காருக்கு அடியில் புதிதாக ஓர் அட்டை கிடந்தது. காலையில் தராசுக்காரர் அதை இழுத்துப் பார்ப்பார், நாலாகக் கிழிப்பார், குப்பைக் கூடையில் அடியில் தள்ளுவார். ஒருநாள் அவர் போனதும் அவள் எடுத்துப் பார்த்தாள். நெற்றிப் பொட்டு அளவுக்குக் கறுப்பாக எண்ணெய். அட்டைத் துண்டை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஓடுகிற பஸ்ஸின் என்ஜினை எந்த டிப்போவிலும் யாரும் மெனக்கெட்டுக் கழுவுவதில்லை. ஏலத்துக்குப் போகிற பஸ்ஸுக்குத்தான் அந்த மரியாதை. ஒழுகலை மறைக்கப் பிசுக்கை எடுக்கிறார் என்று அவள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

தராசுக்காரர் அவசரமே படவில்லை. முந்தின நாளிலிருந்து ஓட்டாத வண்டிதான், ஆனாலும் என்ஜின்மேல் புறங்கையை வைத்து ஆறியிருக்கிறதா என்று பார்த்தார். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்கினார். பிளாஸ்டிக் பைகளை எடுத்து, காற்று போகும் வாய், ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றாக மூடிக் கட்டினார்.

"எதுக்கு இவ்வளவு மூடல்?"

"தண்ணி பட்டா கெட்டுப்போயிடும்."

"மண்ணெண்ணெய் இருக்கே வீட்ல, அதை ஊத்தினா ஆச்சு."

"வீட்டோட சேர்ந்து எரியறதுக்கா? இது தண்ணியில கரையற மருந்து. நீ கொஞ்சம் தள்ளி உட்காரு, கண்ணுல தெறிச்சா எரியும்."

இவ்வளவு அக்கறையா? இதுவும் சந்தேகமாகவே இருந்தது. திரவத்தைத் தெளித்து, அது காய்வதற்குள் இண்டு இடுக்கெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்தார். பதினைந்து வருஷத்துப் பிசுக்கு கூழாக இறங்கியது. குழாயைப் பீய்ச்சாமல், பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டார். கீழே அகலமான தட்டு வைத்துக் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஒரு சொட்டும் போகாமல் பிடித்துக்கொண்டார். தடயத்தை அழிக்கிறவன்தான் இவ்வளவு சுத்தமாக வேலை செய்வான் என்று நினைத்தாள் அவள்.

அவர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அந்தக் காரு வேண்டாம்டா."

"ஏன்க்கா?"

"எண்ணெய் ஒழுகுது. உங்க மாமா கழுவி மறைக்கிறாரு. பைக் மாதிரிதான் இதுவும். கால் முடியாதவளை வச்சுக்கிட்டு நடுரோட்டில நிக்கப்போறியா?"

"சரிக்கா. உன் பேரு வராம நானே ஏதாவது சொல்லிக்கறேன்" என்றான் தம்பி.

போனை வைத்தபோது அவளுக்கு நெஞ்சு லேசானது. பதினொரு வருஷத்து வெட்கத்தை ஒரே போனில் துடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டாள்.

புதன்கிழமை தம்பி மாமாவை அழைத்தான். காரில் காலை மடக்கி உட்காரக் கூடாது என்று மனைவிக்கு டாக்டர் சொல்லிவிட்டாராம், வண்டி வேண்டாமாம். தராசுக்காரர் "அப்படியாப்பா" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன்."

போனட் திறந்திருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டார்ச்சை உள்ளே பின்பக்கமாக அடித்தார். "இந்த மூடிக்கு அடியில எண்ணெய் கசியாம இருக்க ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கு பாரு. அது வெடிச்சு, இங்கேர்ந்துதான் சொட்டிக்கிட்டு இருந்திருக்கு. கீழ சூடான புகைக்குழாய். அது மேலயே சொட்டியிருந்தா தீயே பிடிச்சிருக்கும்."

"கழுவினது அதுக்கா?"

"பின்னே? எல்லாமே கறுப்பா இருந்தா எங்கேர்ந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கழுவிட்டு ரெண்டு நாள் ஓட்டினேன். புதுசா ஈரம் பட்ட இடம் பளிச்சுனு தெரிஞ்சுது. நேத்து வேற கேஸ்கெட் போட்டேன். இன்னிக்கு அட்டையைப் பாரு."

அட்டை வெள்ளையாக இருந்தது. செக்கிங்கம்மா அதைத் திருப்பியும் பார்த்தாள்.

தராசுக்காரர் கையைத் துணியில் துடைத்தார். அவளைப் பார்க்காமல் பேசினார். "அந்த பைக்ல புகை வந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன். அவன் சிரிக்கறப்பல்லாம் எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும். இதையாவது ஒழுங்கா குடுக்கணும்னு நெனச்சேன். இப்ப வேண்டாங்கறான். டாக்டர் சொன்னாராம்... நம்பற மாதிரியா இருக்கு? எம்மேல பயம் அவனுக்கு. நியாயந்தான்."

அவள் வாயைத் திறந்தாள். நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. முதலில் தம்பியைச் சரிக்கட்டிவிடலாம், பிறகு இவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

"நீ சொன்னா கேப்பான். நீயே பேசிப் பாரேன்" என்றார் அவர். என்ஜினை நிறுத்திவிட்டு, ஆவலாக அவளை ஒட்டி வந்து நின்றார்.

அவள் போன் போட்டாள். "டேய், காரு நல்லா இருக்குடா. நானே கண்ணால பார்த்தேன். ஒழுகலே இல்ல. உங்க மாமா எல்லாத்தையும் சரி பண்ணி வச்சிருக்காரு. நம்பி எடுத்துக்கோடா."

எதிர்முனையில் பேசுகிறவர் குரல் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும் பழைய போன் அது. தம்பி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

"அக்கா... மாமா பக்கத்துல நிக்கறாரா? வாயைத் திறக்க வேண்டாம். அன்னிக்கு நீ சொன்னதை நான் மறக்கல. நிக்கறாருன்னா 'ம்'னு மட்டும் சொல்லு."

அவளால் 'ம்' என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தராசுக்காரர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தார்.

"ஆமாம்பா," என்றார், "பக்கத்துலதான் நிக்கறேன்."